வெட்டி மிஞ்சிய தோலில் ஒரு நற்பணி
(அத்தியாயம் 6: தோல் கைவினை செய்து நிதி திரட்டுவது எப்படி?)

ஷூ கம்பெனியில் அப்பர் என்ற மேல்பாகத்தை வெட்டும்போது தோலில் ஒரு பகுதி மிஞ்சியே தீரும். ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ துணி மாதிரி நேர் விளிம்போடு வருவதில்லை. வயிற்றுப் பக்கம் தளர்ந்திருக்கும், கழுத்துப் பக்கம் சுருங்கியிருக்கும், முள் கீறிய தழும்பு நடுவில் ஓடும். இவற்றைத் தவிர்த்து டை வைத்து வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டுகள், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகை ஊர்களில் மூட்டை மூட்டையாகக் கிலோ கணக்கில் கைமாறுகின்றன. உள்ளங்கை அகலத் துண்டு ஷூவுக்கு உதவாது. ஏ.டி.எம். கார்டு வைக்கும் உறைக்கு அது தாராளம்.

அந்தத் துண்டை ஒரு நல்ல காரியத்துக்கான பணமாக மாற்றும் வேலையை இந்த அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது. பத்துப் பேர் கொண்ட மகளிர் குழு, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அணி, சபையின் பெண்கள் ஐக்கியம், ஜமாத் இளைஞர் குழு என யார் வேண்டுமானாலும் செய்யலாம். தையல் மெஷின் தேவையில்லை. கடைசி வரை ஒழுங்காக எழுதப்படும் ஒரு கணக்கு நோட்டு மட்டும் கட்டாயம்.

வேலூரில் முன்பே நடந்தது

கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் முதலில் கட்டட வேலையும் தச்சும் கற்று, பிறகு மருத்துவரானவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த விரல்களோடு வெளியே போனவர்களுக்கு யாரும் வேலை தரவில்லை. கை நன்றாகிவிட்டதால் பிச்சையும் முன்போல் விழவில்லை என்று அவரிடமே திரும்பி வந்தவர்கள் உண்டு. 1950களின் தொடக்கத்தில், ஒரு மூதாட்டி கொடுத்த 500 பவுண்டு நன்கொடையை வைத்து, கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் உருவானது. அங்கே தச்சுப் பட்டறை அமைத்து மர பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள்.

காட்பாடியில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்காக 1960களில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய பட்டறைதான் இன்றைய வொர்த் டிரஸ்ட். பார்வையற்றோர் பிரெயில் எழுதப் பயன்படுத்தும் பெர்கின்ஸ் பிரெயிலர் எந்திரம் அங்கே மாற்றுத்திறனாளிகளின் கையில் உருவாகிறது. பள்ளிகள் அந்த எந்திரத்தை வாங்குவது அது வேலை செய்வதால்தான். இரக்கத்துக்காக யாரும் பிரெயிலர் வாங்குவதில்லை.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. 1946இல் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போன எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண், அங்கிருந்த ஏழைப் பெண்களின் பூத்தையல் துணிகளை வாங்கி வந்து, காரில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக விற்றார். டென் தௌசண்ட் வில்லேஜஸ் என்ற பெரிய கடைத்தொடர் அதிலிருந்து வளர்ந்தது. அவரது முறையில் உதவி என்பது செய்தவருக்குப் போய்ச் சேரும் கூலிதான்.

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் இந்தக் கூலி விஷயத்தை அழுத்தியே சொல்ல வேண்டும். ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூ அப்பரைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் ஏராளம். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அதே பெண்களைக் கூப்பிட்டு, நல்ல காரியம்தானே என்று சும்மா தைக்கச் சொன்னால், தர்மத்தின் செலவு அவர்கள் தலையில் விழுகிறது. தன்னார்வலர் சும்மா தைக்கலாம், அது அவர் விருப்பம். தையலே பிழைப்பாக இருப்பவருக்குக் கூலி முதலில்.

முதல் வேலை: பணம் யாருக்கு என்று எழுதுங்கள்

தோல் வாங்கும் முன் இந்த மூன்றையும் முடித்துவிடுங்கள்.

1. நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள். "ஏழைகளுக்கு உதவி" என்பது போதாது. "பாதத்தில் உணர்ச்சி இழந்த 20 பேருக்கு எம்.சி.ஆர். செருப்பு" என்பது நோக்கம். வேலூருக்கு அருகே 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் செருப்பு இது. நுண்துளை ரப்பரால் ஆன மெத்தென்ற அடிப்பாகம். ஆணி அடிக்காமல் தைத்தோ ஒட்டியோ செய்வார்கள், ஏனென்றால் ஆணி குத்தினாலும் அந்தப் பாதத்துக்குத் தெரியாது. வாங்க வருபவரிடம் இப்படி ஒரு பொருளைச் சொன்னால் உடனே புரிகிறது.

2. பணம் பெறப்போகும் நிறுவனத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர்கள் பெயரையும் சின்னத்தையும் பொருளோடு வைக்கும் அட்டையில் அச்சிட அனுமதி உண்டா, பணத்தை எந்தக் கணக்கில் கட்ட வேண்டும், ரசீது யார் தருவார் என்ற மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். அனுமதியில்லாமல் ஒரு மருத்துவமனையின் பெயரைச் சொல்லி விற்றால், நோக்கம் எவ்வளவு நல்லதானாலும் அது மோசடிப் புகாரில் போய் முடியலாம்.

3. முடிவு தேதி குறியுங்கள். மூன்று மாதம் நல்ல அளவு. தேதி இல்லாத நிதி திரட்டல் ஆறாம் மாதம் சண்டையில் நிற்கும்.

தோலைப் பார்த்து வாங்குவது

இந்த வேலையில் பாதித் தவறுகள் மூட்டையைப் பிரிக்காமல் வாங்குவதில் நடக்கின்றன. மேலாக நல்ல துண்டும் அடியில் தூளுமாக மூட்டை கட்டுவது புதிதல்ல. தரையில் கொட்டச் சொல்லிப் பொறுக்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பொறுக்கிய துண்டுதான் கடைசியில் மலிவு.

பதனிட்ட முறையை முதலில் பாருங்கள். இன்று இங்கே புழங்கும் தோலில் பெரும்பாலானது குரோம் உப்பில் பதனிட்டது. ஆவாரம் பட்டை, கடுக்காய், வேட்டில் பட்டை கொண்டு பதனிடும் பழைய முறைத் தோலும் கிடைக்கிறது. வித்தியாசம் வெட்டிய விளிம்பில் தெரியும். குரோம் தோலின் குறுக்குவெட்டு பெரும்பாலும் நீலச்சாம்பல் சாயல் காட்டும். பட்டைத் தோல் ஒரே சீராகப் பழுப்பாக இருக்கும். பூச்சு இல்லாத பட்டைத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கருக்கும். பெயர் பொறிக்க, அச்சுக் குத்த, விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கப் பட்டைத் தோல் ஏற்றது. மடித்துத் தைக்கும் மெல்லிய பைக்குக் குரோம் தோல் போதும்.

வெட் ப்ளூ என்ற ஈரமான நீலத் துண்டு இலவசமாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அது பாதி வேலை முடிந்த சரக்கு. பதனிடும் ஆலைக்குள் இருக்க வேண்டியது. சாயம் ஏற்றி, காயவைத்து, ஃபினிஷ் முடிந்த உலர்ந்த தோல் மட்டும் வாங்குங்கள்.

மிஞ்சியதை எரிக்கவே கூடாது. தோலில் இருக்கும் மூன்றிணைதிறக் குரோமியம் அவ்வளவு தொந்தரவு தராது. எரிக்கும்போது அதில் ஒரு பகுதி நச்சான ஆறிணைதிறக் குரோமியமாக மாறும். இந்த இரண்டாவது வகை என்ன செய்யும் என்பதை ராணிப்பேட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக்குன்று அங்கே இன்னும் பேச்சுப்பொருள். உடம்பில் படும் தோல் பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015 முதல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. ஏற்றுமதி ஷூவுக்கு வெட்டிய தோலின் மிச்சமா என்று கேட்டு வாங்க இதுவே காரணம். சோதனைச் சீட்டு இருந்தால் நகல் கேளுங்கள். சந்தேகம் வந்தால் சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. குழந்தை வாயில் வைக்கக்கூடிய எதையும் இந்தத் துண்டுகளில் செய்ய வேண்டாம்.

அடுத்தது எந்த விலங்கு என்பது. இதைக் கேட்கக் கூச்சப்படுகிற குழுக்கள் விற்பனை மேசையில் மாட்டிக்கொள்கின்றன. ஷூ லைனிங் துண்டுகளில் பன்றித்தோல் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ அதை ஒரு பர்ஸுக்குள் வைத்து விற்றால் நற்பணியின் பெயர் அன்றோடு போய்விடும். பன்றித்தோலை உற்றுப் பார்த்தால் மயிர்த்துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்து முக்கோணமாக நிற்கும். பூதக்கண்ணாடி ஒன்று கையில் இருந்தால் போதும். மாட்டுத்தோல் வேண்டாம் என்பவர்களும் வருவார்கள். "வெள்ளாட்டுத்தோல்", "எருமைத்தோல்" என்று அட்டையில் எழுதிவிடுங்கள். தெரியாவிட்டால் அந்தத் துண்டை ஒதுக்குங்கள்.

குறிப்பு: சில துண்டுகளில் வெளிநாட்டு ஷூ பிராண்டின் சின்னம் அழுத்தப்பட்டிருக்கும். பார்க்க அழகாக இருக்கிறதென்று பர்ஸின் முகப்பில் வைத்துவிடாதீர்கள். அது வணிகச்சின்னச் சட்ட மீறல். துண்டு கொடுத்த கம்பெனிக்கும் தலைவலி.

செய்முறை: கார்டு உறை

முதல் பொருள் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். கார்டு உறை, சாவிக்கொத்து, பர்ஸ், பெல்ட், கைப்பை என்று ஐந்தையும் ஒரே மாதத்தில் தொடங்கும் குழு ஐந்திலும் அரைகுறையாக நிற்கும்.

தேவையானவை: 1 முதல் 1.2 மி.மீ. தடிமனுள்ள தோல், இரும்பு ஸ்கேல், கூரான கத்தி, தடித்த ரப்பர் பலகை, குத்தூசி அல்லது நாலு பல் உள்ள துளை உளி, மரச்சுத்தி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல், தோல் ஒட்டும் பசை (சொல்யூஷன்), கிளிப்.

1. அட்டையில் 100 × 64 மி.மீ. அளவில் ஒரு மாதிரி வெட்டுங்கள். ஏ.டி.எம். கார்டு 85.6 × 54 மி.மீ.; தையலுக்கும் தோலின் தடிமனுக்கும் இடம்விட்ட அளவு இது. மேல் விளிம்பின் நடுவில் கட்டைவிரல் நுழையும்படி 20 மி.மீ. ஆழத்தில் அரைவட்டம் வரைந்து வெட்டுங்கள்.

2. முன்பக்கத் துண்டை மாதிரியின் அளவுக்குச் சரியாக வெட்டுங்கள். பின்பக்கத் துண்டுக்கு அரைவட்டம் வேண்டாம். பக்கத்திலும் அடியிலும் 2 மி.மீ. கூடுதலாக விடுங்கள். வெட்டும் முன் தோலை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். அதிகம் நீளும் திசை உறையின் அகலத்துக்கு வந்தால் கொஞ்ச நாளில் கார்டு நழுவும்.

3. பக்கம் இரண்டு, அடி ஒன்று என மூன்று விளிம்பிலும் உட்புறம் 5 மி.மீ. அகலத்துக்கு இரண்டு துண்டிலும் சொல்யூஷன் தடவுங்கள். உடனே ஒட்டாதீர்கள். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்துங்கள். சாதாரணமாகப் பத்து நிமிடம், மழைநாளில் கூடுதல். பெரும்பாலானவர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான்.

4. இப்போது பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் 2 மில்லிமீட்டரை முன்பக்க விளிம்போடு சேர்த்து ஒரே இழுப்பில் சீவுங்கள். இரண்டு துண்டையும் தனித்தனியே சரியளவில் வெட்டி ஒட்டினால் விளிம்பு ஒருநாளும் சேராது.

5. விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே கோடு கீறி, 4 மி.மீ. இடைவெளியில் துளை போடுங்கள். உளி செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் முன்பக்கத் தையல் நேராகவும் பின்பக்கத் தையல் கோணலாகவும் வரும்.

6. ஒரு மீட்டர் நூல் எடுத்து இரு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். முதல் துளையில் நூலைப் பாதி பாதியாக நிறுத்தி, ஒவ்வொரு துளையிலும் இரு ஊசியும் எதிரெதிராக நுழையும்படி தைத்துப் போங்கள். எப்போதும் ஒரே பக்க ஊசி முதலில் போகட்டும். வரிசை மாறினால் தையல் சாய்வு மாறும். இந்த இரட்டை ஊசித் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்திருக்கும்.

7. கடைசியில் மூன்று துளை பின்னால் தைத்து, நூலை ஒட்ட வெட்டி, முனையை லைட்டரால் லேசாக உருக்கி அழுத்துங்கள்.

8. விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். பட்டைத் தோலாக இருந்தால் ஈரத்துணி தொட்டு மரக்கட்டையால் வேகமாகத் தேய்த்தாலே மெருகு ஏறும். குரோம் தோல் எவ்வளவு தேய்த்தாலும் மெருகேறாது. விளிம்புச் சாயம் பூச வேண்டும்.

பழகாத கைக்கு முதல் உறை அரைநாள் பிடிக்கும். முதல் பத்து உறைகள் விற்க அல்ல. அவற்றைக் குழுவினரே பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் திரியட்டும். எங்கே பிய்கிறது, சாயம் சட்டைப்பையில் ஒட்டுகிறதா என்று அப்போது தெரியும். சாயத்தை முன்கூட்டியே பார்க்க எளிய வழி: ஈரமான வெள்ளைத் துணியால் இருபது முறை தேய்ப்பது.

பாதுகாப்பு: கையும் காற்றும்

கத்தி மழுங்கும்போதுதான் வெட்டுக்காயம் அதிகம். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் வழுக்குகிறது. பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டி வெட்டாதீர்கள். கத்தி அதன்மேல் ஏறி விரலுக்கு வரும். ஸ்கேலைப் பிடித்த கையின் சுண்டுவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

சொல்யூஷனின் ஆவி தலைசுற்றல் தரும், எளிதில் தீப்பிடிக்கும். சன்னல் திறந்த அறை, அல்லது திண்ணை. அதே அறையில் அடுப்பு, சாம்பிராணி, கொசுவத்தி எதுவும் கூடாது. ஆறாம் படியில் சொன்னபடி தைத்து முடித்த உறைகளைத் தனியாக எடுத்துக்கொண்டுபோய், நூல் முனை உருக்கும் வேலையைச் சொல்யூஷன் டப்பா இல்லாத வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளைத் தைக்க உட்கார வையுங்கள், ஒட்டுகிற வேலை வேண்டாம்.

14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. பள்ளிக் கைவேலை வகுப்பில் ஒரு பிள்ளை ஓர் உறை செய்து பார்ப்பது கல்வி. ஐம்பது உறைக்கு ஆர்டர் பிடித்து வகுப்பறையில் உட்கார வைப்பது வேலை. நிதி நல்லதுக்குப் போகிறது என்பதால் இரண்டாவது முதலாவது ஆகிவிடாது.

உணர்ச்சி குறைந்த கைகளுக்குத் தனிக் கவனம் தேவை. பிராண்ட் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். துருப்பிடித்த பூட்டில் அவர் திருகியும் திரும்பாத சாவியை, தொழுநோயாளியான ஒரு சிறுவன் சட்டென்று திருகித் திறந்தான். பெரியவரால் முடியாததை எப்படிச் செய்தான் என்று கையைப் பிரித்துப் பார்த்தால், விரல் எலும்பு வரை வெட்டுப்பட்டிருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. வலி இல்லாததால் எவ்வளவு அழுத்துகிறோம் என்ற அளவும் இல்லாமல் போகிறது.

தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு மட்டும் உரியதல்ல இது. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகள் பலருக்கும் விரல் மரத்திருக்கும், அவர்களுக்கே தெரியாது. ஆகவே:

1. கருவிகளின் பிடியில் துணியோ ரப்பரோ சுற்றித் தடிமனாக்குங்கள். மெல்லிய பிடி ஒரே இடத்தில் அழுத்தும்.
2. அரைமணிக்கு ஒருமுறை வேலையை நிறுத்தி, இரு உள்ளங்கையையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ சூடோ இருந்தால் அன்றைக்கு வேறு வேலை.
3. லைட்டர், உளி இரண்டும் அவர்களிடம் வேண்டாம். சொல்யூஷன் தடவுவது, தைப்பது, பெட்டியில் அடுக்குவது சரியாக வரும்.

விலை போடுவது

நற்பணி விற்பனையில் வாடிக்கையாகச் சொல்லப்படும் வாசகம், "வரும் பணம் முழுவதும் ஏழைகளுக்கே". கணக்குப் பார்த்தால் இது உண்மையாக இருப்பது அபூர்வம். கீழே உள்ளது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தோல் 15 ரூபாய், நூலும் சொல்யூஷனும் 8, அட்டைப்பெட்டி 7, தைத்தவர் கூலி 45, வீணாகும் சரக்குக்கு 5. அடக்கம் 80. விற்பது 150 ரூபாய்க்கு. கடையில் வைத்தால் 20 சதவீதக் கமிஷன், அதாவது 30. மிஞ்சுவது 40. அட்டையில் இப்படி அச்சிடுங்கள்: "இந்த உறையின் விலை 150 ரூபாய். இதில் 45 தைத்தவருக்கு, 40 இன்ன காரியத்துக்கு." முழுவதும் என்று சொல்வதைவிட நாற்பது என்று சொல்வதைத்தான் வாங்குபவர் நம்புகிறார். 200 உறை விற்றால் 8,000 ரூபாய். அது போதாது என்றால் விலையை ஏற்றுங்கள், அல்லது நோக்கத்தைச் சிறிதாக்குங்கள். கூலியைத் தொடாதீர்கள்.

அட்டையில் தைத்தவரின் படத்தையும் நோயையும் போட்டு இரக்கம் தேடுவது இன்னும் நடக்கிறது. வேண்டாம். நோயின் பெயரை ஊரறியச் சொன்ன பிறகு அந்தக் குடும்பத்தில் ஒரு சம்பந்தம் பேச வேண்டியிருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே விற்பது

வேலூருக்கு ஒரு தனிச் சந்தை இருக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருந்தகம், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து, இன்றைக்கு மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தோ நோயாளிகளை இழுத்துவருகிறது. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளிலும் கடைகளிலும் வங்காள எழுத்தில் பலகை தொங்குகிறது. சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தங்குபவர்கள் ஊர் திரும்பும்போது, தோலுக்குப் பேர்போன ஊரிலிருந்து கையடக்கமாக ஏதாவது கொண்டுபோக விரும்புகிறார்கள். அட்டையில் தமிழோடு வங்காளத்திலும் நாலு வரி இருந்தால் விற்பனை நிச்சயம் மாறும்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூர் பிரியாணிக்காக நிற்கும் கார்கள் அடுத்த சந்தை. ஹோட்டல் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு தட்டு வைக்க முதலாளியிடம் கேளுங்கள். சி.எஸ்.ஐ. சபைகளின் அறுப்பின் பண்டிகை ஏலம், கிறிஸ்துமஸ் விற்பனை, ரமலான் இரவுக் கடைகள், கல்லூரி விழா, ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் மகளிர் குழுக் கண்காட்சி எல்லாம் ஏற்றவை. ஸ்ரீபுரம் பொற்கோயில் போன்ற இடங்களின் வாசலில் தோல் பொருள் வேண்டாம். கூட்டம் இருக்கிறது என்பதற்காக எங்கும் கடை போட முடியாது.

சென்னை அண்ணா சாலையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இயங்கும் விக்டோரியா டெக்னிகல் இன்ஸ்டிடியூட், தொண்டு நிறுவனங்களின் கைவேலைகளை விற்றுத் தருவதற்குப் பேர்போனது. பூம்புகார் விற்பனை நிலையமும் உண்டு. இங்கெல்லாம் போக ஒரே தரத்தில் நூறு உருப்படியாவது கையில் இருக்க வேண்டும்.

பணம், சட்டம், ரசீது

இந்தப் பகுதியை ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அடிக்கடி இடறும் இடங்கள் இவை.

வரி விலக்கு: உறை வாங்கியவர் கொடுத்த 150 ரூபாய் பொருளின் விலை, நன்கொடை அல்ல. அதற்கு 80ஜி ரசீது தர முடியாது. தனியாக நன்கொடை கொடுப்பவருக்கு, உரிய பதிவு பெற்ற அறக்கட்டளை மட்டுமே தரலாம்; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வந்தால் அவருக்குச் சலுகை கிடையாது.

ஜக்காத்: பர்ஸ் வாங்கியதை ஜக்காத் கணக்கில் சேர்க்க முடியாது. ஜக்காத் கொடுக்க விரும்புபவருக்குத் தனி உண்டியல், தனி நோட்டு. அந்தப் பணத்தை யாருக்குச் செலவிடலாம் என்பதை ஜமாத்தின் ஆலிமிடம் கேட்டு, அப்படியே செய்யுங்கள். தோல் வணிகத்தில் சம்பாதித்துக் கல்விக்கும் சத்திரத்துக்கும் கொடுத்த மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் போன்றவர்களின் ஊர்ப்பக்கம் இது. கொடுப்பவர்கள் கணக்கும் கேட்பார்கள்.

வெளிநாட்டுப் பணம்: வங்கதேசத்து நோயாளி ஒருவர் 150 ரூபாய் உறைக்கு 500 கொடுத்து, மீதியை ஏழைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். 150 வாங்கலாம், அது விற்பனை. மீதி 350 வெளிநாட்டு நன்கொடை; அதற்கான சட்டத்தில் பதிவு இல்லாத குழு அதை வாங்கக் கூடாது. நன்றி சொல்லிச் சில்லறையைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது பதிவு பெற்ற நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வழிகாட்டுங்கள்.

ஜி.எஸ்.டி.: மாநிலத்துக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினாலோ இணையத்தில் விற்றாலோ விதி வேறு. கைவினைப் பொருளுக்குச் சலுகை உண்டு, நிபந்தனைகளும் உண்டு.

வங்கிக் கணக்கு: தனியார் ஒருவரின் ஜி.பே. எண்ணை மேசையில் ஒட்டாதீர்கள், அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும். இருவர் கையெழுத்தோடு இயங்கும் குழுக் கணக்கின் கியூ.ஆர். அட்டை போதும். மாலையில் கடை கட்டும்போது மிச்ச உருப்படியை எண்ணி, ரொக்கத்தோடு ஒத்துப்பார்த்து, இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள்.

மழைக்காலமும் மிச்சச் சரக்கும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். கிறிஸ்துமஸ் விற்பனைக்கான சரக்கு அந்த ஈரத்தில்தான் அடுக்கியிருக்கும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டிய தோலில் வெள்ளைப் பூஞ்சை படரும். காகிதத்தில் சுற்றி, தரையில் படாமல் பலகை மேல் வைத்து, வாரம் ஒருமுறை காற்றாட விடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் விறைத்துப்போகும்.

முடிவு தேதி வந்ததும் விற்காமல் மிஞ்சியதை எண்ணுங்கள். பாதி விலைக்குத் தள்ளிவிடும் முன் அடக்கம் 80 என்பதை நினைவில் வைத்து, அதற்குக் கீழே போகாதீர்கள். கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. பிறகு ஒரே தாளில் எழுதுங்கள்: செய்தது, விற்றது, பழுதானது, கூலியாகக் கொடுத்தது, நிறுவனத்துக்குக் கட்டியது, ரசீது எண். அந்தத் தாளை விற்ற இடங்களிலெல்லாம் ஒட்டுங்கள்: லாட்ஜ் வரவேற்பறை, பிரியாணிக் கடைக் கல்லா, சபை அறிவிப்புப் பலகை. துண்டு கொடுத்த ஷூ கம்பெனி மேனேஜருக்கு ஒரு நகலும் ஓர் உறையும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த மூட்டை கேட்கப்போவது அவரிடம்தான்.